கேளுங்கள், சொல்கிறோம்: நகலைக் கிழிக்கும் குட்டி ஆர்.என்.ஏ.

மரபணுவின் வாயை அடைக்கும் ஆர்.என்.ஏ. துணுக்குகளைப் பற்றி நெல்லை, தென்காசிப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் ஆறு இந்த இதழில். கேள்விகளை மட்டும் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.

மார்கழியில் நர்சரியில் ஒரு பெட்டூனியாத் தொட்டி வாங்கினேன். ஊதாப் பூவின் நடுவிலிருந்து ஐந்து வெள்ளைப் பட்டைகள், நட்சத்திரம் போல. ஒரே செடியில் பூவுக்குப் பூ பட்டையின் அகலம் மாறுகிறது. வைரஸ் நோய், பிடுங்கிப் போடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். போடவா?
– வாசகி, பாளையங்கோட்டை

பிடுங்காதீர்கள். அது நோய் இல்லை, அந்த ரகத்தின் குணமே அதுதான். சொல்லப்போனால் வைரஸ் ஏறினால்தான் சில நட்சத்திர ரகங்களில் வெள்ளைப் பட்டைக்குள் மறுபடி நிறம் எட்டிப்பார்க்கும். ஏன் என்பது இந்தப் பதிலின் கடைசியில்.

ஊதா நிறத்தைத் தயாரிக்கும் வரிசையில் முதல் வேலை சால்கோன் சிந்தேஸ் என்ற நொதிக்கு. அந்த நொதிக்கான மரபணு வெள்ளைப் பகுதியின் செல்களிலும் முழுசாக இருக்கிறது. அதிலிருந்து நகலும் எடுக்கப்படுகிறது. எடுத்த நகல்தான் வேலைக்குப் போய்ச் சேருவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவு உள்ளே பத்திரமாக இருக்கும்; வெளியே வருவது நகல். செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. மூலம், வெளியே வரும் தூது ஆர்.என்.ஏ. நகல். புரதம் தயாராவது நகலைப் பார்த்துத்தான். வாசலில் ஒருவன் நின்றுகொண்டு வருகிற நகலையெல்லாம் கிழித்தால் மூலம் இருந்தும் பயனில்லை. வெள்ளைப் பட்டையில் நடப்பது அதுதான்.

கிழிப்பவன் யார்? செல்லுக்குள் இரண்டு இழை சேர்ந்த நீளமான ஆர்.என்.ஏ. தென்பட்டால் டைசர் என்ற நொதி அதைத் துண்டு போடும். ஆர்.என்.ஏ. என்பது ஏ, யு, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகள் கோத்த இழை; ஒரு துண்டின் நீளம் 21 எழுத்திலிருந்து சில எழுத்துகள் கூட இருக்கும். செடிகளில் 21, 22, 24 என்று நீளத்துக்கு ஒரு டைசர் உண்டு. துண்டின் இரு முனையிலும் இரண்டிரண்டு எழுத்து ஜோடி இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். ஆர்கோநாட் என்ற புரதம் அந்தத் துண்டை வாங்கி, ஓர் இழையைக் கழற்றி எறிந்துவிட்டு, மற்றதை அடையாளச் சீட்டு மாதிரி வைத்துக்கொள்ளும். எந்த இழை தங்கும் என்பதையும் குத்துமதிப்பாக முடிவு செய்வதில்லை: எந்த இழையின் முன்முனையில் பிணைப்பு தளர்ந்திருக்கிறதோ, பெரும்பாலும் அதுவே தங்கும். பிறகு சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஜோடி சேருகிற நகல் கிடைத்தால் ஒரே வெட்டு.

1990-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜோர்கென்சன் குழுவினர் ஊதாவை இன்னும் அடர்த்தியாக்க நினைத்து பெட்டூனியாவுக்குள் அதே மரபணுவை இன்னொரு பிரதி செருகினார்கள். பல செடிகள் வெள்ளைவெளேரென்று பூத்தன. சிலவற்றில் பட்டை பட்டையாக. புதிது வேலை செய்யாததோடு பழையதும் சேர்ந்து வாயடைத்துப்போயிருந்தது. இரண்டு இழை ஆர்.என்.ஏ.தான் சூத்திரதாரி என்று 1998-ல் ஆண்ட்ரூ ஃபையரும் கிரெய்க் மெல்லோவும் சி. எலிகன்ஸ் என்ற புழுவில் காட்டினார்கள், 2006-ல் நோபல். உங்கள் தொட்டியில் இருக்கும் நட்சத்திர ரகங்களில் யாரும் மரபணு செருகவில்லை. இனக்கலப்பிலும் தேர்விலும் தானாக வந்த குணம் அது.

இப்போது வைரஸ் விஷயம். செடி இந்த ஏற்பாட்டை வைத்திருப்பதே முக்கியமாக வைரஸை வெட்டுவதற்குத்தான். அதனால் வைரஸ்களும் ஆர்கோநாட்டை முடக்கவும் குட்டித் துண்டுகளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளவும் தனிப் புரதம் வைத்திருக்கின்றன. வைரஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெட்டுபவனின் கையைக் கட்டும்போது, நிற மரபணுவின் நகலும் சேர்ந்து தப்பித்துவிடுகிறது. அதனால்தான் வெள்ளையில் ஊதா.

எனக்கு வயது 58. மாத்திரை சாப்பிட்டும் கெட்ட கொழுப்பு இறங்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது, அது மரபணுவை அடக்கும் ஊசி என்று டாக்டர் சொன்னார். மரபணுவில் கை வைத்தால் பேரன் பேத்திக்கு ஏதும் வருமா?
– ஓய்வுபெற்ற ஊழியர், தென்காசி

வராது. மேலே சொன்ன கணக்கேதான்: மூலத்தைத் தொடுவதில்லை, நகலைத்தான் வெட்டுகிறது. அதுவும் கல்லீரல் செல்லில்.

டாக்டர் சொன்னது இன்கிளிசிரானாக இருக்க வேண்டும். ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை உள்ளே இழுக்க கல்லீரல் செல்லின் மேல் கொக்கிகள் இருக்கின்றன. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் அந்தக் கொக்கிகளை அழிவுக்கு அனுப்புகிறது. அந்தப் புரதத்தின் நகலை வெட்டினால் கொக்கி கூடும், ரத்தத்தில் கொழுப்பு குறையும். ஒரு ஊசி 284 மில்லிகிராம், ஒன்றரை மில்லி, தோலுக்கு அடியில், வழக்கமாக வயிற்றில். முதல் ஊசி, மூன்றாம் மாதம் இரண்டாவது, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒன்று. சோதனைகளில் எல்.டி.எல். என்ற அந்தக் கெட்ட கொழுப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஆர்.என்.ஏ. வெறும் மேனியாக ரத்தத்தில் விழுந்தால் நிமிடக் கணக்கில் சிதைந்துவிடும். ஆறு மாதம் எப்படி நிற்கிறது என்பதில்தான் இந்த மருந்தின் சூட்சுமமே இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தின் சர்க்கரையிலும் சிறு வேதிமாற்றம் செய்து நொதிகள் கடிக்க முடியாதபடி ஆக்கியிருக்கிறார்கள். ஒரு முனையில் மூன்று கிளையாக ஒரு சர்க்கரையை ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சர்க்கரையைப் பிடிக்கும் ஏற்பி கல்லீரல் செல்லில்தான் ஏராளம். அதனால் மருந்து அங்கேயே போய் இறங்குகிறது, செல்லுக்குள் ஒரு பைக்குள் தங்கி மெல்ல மெல்லக் கசிகிறது. இந்த வகையில் முதல் மருந்து 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டிசிரான். அதுவும் கல்லீரலுக்கே. மூளைக்கோ தசைக்கோ இதே மாதிரி நேரான முகவரி அமைவது சுலபமில்லை.

ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு வரலாம். ஊசி தொடங்கிவிட்டதே என்று கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது டாக்டரின் முடிவு.

உளுந்தில் மஞ்சள் தேமல் வருஷா வருஷம் வருகிறது. "ஆர்.என்.ஏ. தெளிப்பு வந்திருக்கு, அடிச்சா வைரஸ் செத்துரும்" என்று கடைக்கார அண்ணாச்சி சொல்கிறார். வாங்கலாமா?
– விவசாயி, சங்கரன்கோவில்

வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல விதை வாங்குங்கள்.

அண்ணாச்சி முழுக்கக் கற்பனையாகப் பேசவில்லை. 2003-லேயே மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் சுவிட்சர்லாந்தின் பேசல் நகர ஆய்வுக்கூடமும் சேர்ந்து உளுந்தில் இதைச் செய்து பார்த்தார்கள். தேமல் வைரஸின் ஒரு பகுதிக்குப் பொருந்தும் ஈரிழை ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்கும் டி.என்.ஏ.வை, நுண்ணிய உலோகத் துகள்மேல் பூசி, நோய் வந்த செடிக்குள் சுட்டார்கள். பெரும்பாலான செடிகள் தேறின. ஆனால் அது ஆய்வுக்கூடத்துச் செடி, துகள் துப்பாக்கி. கைத்தெளிப்பானில் ஆகிற வேலை இல்லை. தெளித்த ஆர்.என்.ஏ. இலையின் மேல் நிற்கும். இந்த வைரஸோ இலையின் சாற்றுக் குழாயில் ஓடுகிறது. இலை மேல் விழுந்தது வெயிலிலும் நுண்ணுயிர்களாலும் சில நாளில் அழிந்துவிடும். 2017-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் களிமண் போன்ற நுண்துகளில் ஏற்றித் தெளித்து, செடிகளில் வேறு வைரஸ்களை 20 நாள்வரை தடுத்துக் காட்டினார்கள். அதிலும் வைரஸ் ஏறுவதற்கு முன்னே தெளிக்க வேண்டும். மஞ்சளான பிறகு அடித்துப் பயனில்லை.

பூச்சிக்கு அடிப்பது வேறு கதை. உருளைக்கிழங்கைத் தின்னும் கொலராடோ வண்டுக்கு எதிரான ஆர்.என்.ஏ. தெளிப்புக்கு 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. வண்டின் குடல் அந்த ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஹெக்டேருக்குக் கிராம் கணக்கில் போதும். நம் பருத்திக் காய்ப்புழு, உளுந்தின் காய்த்துளைப்பான் எல்லாம் அந்துப்பூச்சிக் குடும்பம்; அவற்றின் குடலிலும் ரத்தத்திலும் ஆர்.என்.ஏ.வைக் கடித்துத் துப்பும் நொதிகள் அதிகம். வண்டில் பலித்தது புழுவில் பலிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தப் பருவத்துக்கு நீங்கள் செய்ய வேண்டியது: தேமலைத் தாங்கும் வம்பன் 8 அல்லது அதற்குப் பின் வந்த வம்பன் ரகம். விதைக்கு இமிடாகுளோப்ரிட் 600 எஃப்.எஸ். கிலோவுக்கு 5 மில்லி. ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலப்பதாக இருந்தால் மருந்து காய்ந்த பிறகு, விதைக்கும் சமயத்தில்தான். நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. அதனால் மஞ்சள் ஒட்டுப்பொறியைப் பயிர் உயரத்துக்குச் சற்று மேலே கட்டுங்கள். முதல் முப்பது நாளுக்குள் மஞ்சள் கண்ட செடியை அன்றே பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். வரப்பில் போட்டால் ஈ அங்கிருந்து மறுபடி ஏறும். வரப்புக் களையையும் விட்டுவைக்காதீர்கள். எந்த மருந்தானாலும் லேபிளில் மூலப்பொருள், பயிர், பூச்சி, பதிவு எண் என்ற நான்கும் அச்சில் இல்லாவிட்டால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சோற்றிலும் காயிலும் இருக்கும் குட்டி ஆர்.என்.ஏ. நம் மரபணுவை அடக்காதா?
– வாசகர், வள்ளியூர்

இட்லியில்கூட ஆர்.என்.ஏ. இருக்கிறது; தாத்தா காலத்திலிருந்து தின்கிறோம். வாயிலும் குடலிலும் அதைச் சிதைக்கும் நொதிகள் ஏராளம். அரிசியின் ஒரு குட்டி ஆர்.என்.ஏ. எலியின் கல்லீரலில் வேலை செய்வதாக 2012-ல் சீனாவிலிருந்து ஒரு கட்டுரை வந்து பரபரப்பானது. மறுவருஷம் வேறு குழுவினர் செய்து பார்த்தபோது அது தேறவில்லை.

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு சி. எலிகன்ஸ் புழுவுக்கு அன்க்-22 மரபணுவை அடக்கும் பாக்டீரியாவை ஊட்டினோம். புழு துடிக்க வேண்டும், துடிக்கவில்லை. சில தட்டில் குஞ்சே இல்லை. எச்.டி.115 பாக்டீரியா வந்து சேரத் தாமதமானதால் எல்.4440 பிளாஸ்மிடைக் கையிலிருந்த டி.எச்.5 ஆல்ஃபாவில் ஏற்றினோம். லேபில் ஏ.சி. 24-ல் ஓடும், ஐந்து மணிக்கு அணைத்துவிடுவார்கள். எங்கே தப்பு?
– மாணவிகள் மூவர், திருநெல்வேலி

இரண்டு தப்பையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முதலாவது பாக்டீரியா. பாக்டீரியாவுக்குள் ஏற்றும் டி.என்.ஏ. வளையம்தான் பிளாஸ்மிட்; எல்.4440-ல் உங்கள் மரபணுத் துண்டின் இருபுறமும் எதிரெதிராக, நகலெடுப்பு தொடங்கும் டி-7 தொடக்கிகள் இருக்கின்றன. இரண்டு பக்கமிருந்தும் படித்தால்தான் இரண்டு இழையும் உருவாகிச் சேரும். படிக்க டி-7 பாலிமரேஸ் என்ற நொதி வேண்டும், எச்.டி.115-ல் அது ஐ.பி.டி.ஜி. என்ற தூண்டும் வேதிப்பொருளைப் போட்டால் உண்டாகும். டி.எச்.5 ஆல்ஃபாவில் அது கிடையவே கிடையாது. எப்படியோ கொஞ்சம் ஈரிழை உண்டானாலும் அங்கிருக்கும் ஆர்.என்.ஏஸ் 3 என்ற நொதி நறுக்கிவிடும். எச்.டி.115-ல் அந்த நொதியின் மரபணுவை டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணுவைச் செருகி உடைத்திருக்கிறார்கள். ஆக உங்கள் புழுக்கள் இத்தனை நாளும் வெறும் சாப்பாடுதான் சாப்பிட்டிருக்கின்றன. டி.எச்.5 ஆல்ஃபா பிளாஸ்மிடைப் பெருக்கி வைத்துக்கொள்ள மட்டும்.

எச்.டி.115 வந்ததும் மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம் டெட்ராசைக்ளின் தட்டில் கீறிப் பாருங்கள். வளர்ந்தால் அது அதுதான், டி.எச்.5 ஆல்ஃபா அந்தத் தட்டில் வளராது. ஊட்டுவதற்கான திரவ வளர்ப்பில் மட்டும் டெட்ராசைக்ளின் வேண்டாம், அடக்கும் திறன் குறைகிறது. அங்கே ஆம்பிசிலின் போதும்.

இரண்டாவது சூடு. இந்தப் புழுவுக்கு 15-லிருந்து 25 டிகிரி வரை சரி, 20 உத்தமம். 27 டிகிரியை ஒட்டி வந்தாலே முட்டை வைப்பது நின்றுபோகும். நம் ஊரில் பங்குனி சித்திரையில் பகல் 38-ஐத் தாண்டும், ராத்திரி ஏ.சி. இல்லாத மூடிய அறை எத்தனை டிகிரியில் நிற்கும்? குஞ்சில்லாத தட்டுக்குக் காரணம் அதுவே. துறையில் பி.ஓ.டி. இன்குபேட்டர், அதாவது குளிர்வித்தும் ஒரே வெப்பத்தில் வைக்கும் பெட்டி, இல்லாத கல்லூரி குறைவு. மைக்ரோபயாலஜிக்காரர்களிடம் ஒரு தட்டு இடம் கேளுங்கள். 20-ல் வைத்து, உள்ளே குறைந்தபட்ச அதிகபட்ச வெப்பமானி ஒன்றைப் போட்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அப்புறம் புழுவை வையுங்கள். முகப்பில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். கரன்ட் போனால் மறுபடி எந்த டிகிரியில் ஓடத் தொடங்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகள் 37-க்குத் தாவிவிடும். தட்டுகளைக் கவிழ்த்து அடுக்குங்கள். இல்லையென்றால் மூடியில் கோத்த தண்ணீர் சொட்டி, புழு நீந்திச் சுவரேறிக் காய்ந்துபோகும்.

மறுபடி செய்யும் முறை: ஒரு லிட்டர் தட்டு ஊடகத்துக்கு உப்பு 3 கிராம், பெப்டோன் 2.5, அகர் 17. ஆட்டோகிளேவ் செய்து, கைபொறுக்கும் சூட்டுக்கு, அதாவது சுமார் 55 டிகிரிக்கு, ஆறவிட்டு, கொலஸ்டிரால் கரைசல் (எத்தனாலில் மில்லிக்கு 5 மில்லிகிராம்) 1 மில்லி. 1 மோலார் மெக்னீசியம் சல்பேட் 1 மில்லி. 1 மோலார் கால்சியம் குளோரைடு 1 மில்லி. நன்றாகக் கலக்கிவிட்டுக் கடைசியில் 1 மோலார் பொட்டாசியம் பாஸ்பேட், பி.எச். 6, 25 மில்லி. கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் அடுத்தடுத்துக் கலக்காமல் கொட்டினால் வெள்ளையாகத் திரிந்துவிடும். பிறகு 1 மோலார் ஐ.பி.டி.ஜி. 1 மில்லி (2.38 கிராம் பொடியை 10 மில்லி நீரில் கரைத்தது), கார்பெனிசிலின் 25 மில்லிகிராம். ஆம்பிசிலின் தட்டில் சீக்கிரம் செத்துப்போகும், அதனால் தட்டுக்கு கார்பெனிசிலின். ஊற்றிய தட்டை இருட்டில், 4 டிகிரியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

புதிதாகக் கீறிய தட்டிலிருந்து ஒற்றைக் காலனியை எடுத்து ராத்திரி முழுக்க வளர்த்து, ஆறு செ.மீ. தட்டின் நடுவில் 150 மைக்ரோலிட்டர் விட்டு, மூடிவைத்து, விட்ட துளி காயும்படி ஒரு ராத்திரி அறையிலேயே வையுங்கள். அந்த நேரத்தில்தான் ஈரிழை உண்டாகிறது. மறுநாள், நான்காம் பருவ இளம்புழு மூன்று. அவற்றை, வழக்கமான தீனி பாக்டீரியாவான ஓ.பி.50 உள்ள பழைய தட்டிலிருந்து நேரே தூக்கி வைக்காதீர்கள். உடம்பில் ஒட்டிவந்த ஓ.பி.50 புதுத் தட்டில் பரவி உங்கள் பாக்டீரியாவை அமுக்கிவிடும். வெறும் தட்டில் ஒரு மணி நேரம் ஊரவிட்டு அல்லது எம்-9 கரைசலில் அலசிவிட்டு வையுங்கள். ஒரு நாள் கழித்துத் தாய்ப்புழுக்களை இன்னொரு புதுத் தட்டுக்கு மாற்றி, அந்த இரண்டாம் தட்டில் பிறக்கும் குஞ்சுகளை மூன்று நாள் கழித்துப் பாருங்கள். தாயைப் பார்த்துவிட்டு "துடிக்கவில்லை" என்று எழுதிவிட வேண்டாம். மடையை அடைத்த அன்றே வயல் காய்ந்துவிடாது. தாயின் தசையில் ஏற்கெனவே கட்டிய புரதம் அப்படியே நிற்கும். துண்டு செருகாத வெறும் எல்.4440 ஏற்றிய எச்.டி.115 தட்டு ஒன்று பக்கத்திலேயே ஓட வேண்டும். அது இல்லாமல் வைவாவுக்குப் போனால் முதல் கேள்வியே அதுதான்.

அன்க்-22 தசை மரபணு, அதனால் தொடக்கக்காரர்களுக்குத் தோதானது. அடுத்து நரம்பு மரபணுவுக்குத் தாவ ஆசை வந்தால் பொறுங்கள்: ஈரிழையை உள்ளே வாங்கும் சிட்-1 என்ற வாசல் இந்தப் புழுவின் நரம்புகளில் அனேகமாக இல்லை. சாதாரண ரகத்தில் ஊட்டினால் ஒன்றும் தெரியாது.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு 2024-ல் நோபல் கொடுத்தார்கள். 2006-ல் கொடுத்ததும் இதேதானே? பன்னிரண்டாம் வகுப்புக்கு எப்படி விளக்குவது?
– ஆசிரியை, அம்பாசமுத்திரம்

கருவி ஒன்று, சீட்டு வரும் இடம் வேறு. 2006-ல் பரிசு பெற்றது நீண்ட ஈரிழையிலிருந்து வரும் துண்டு. 2024-ல் விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் கொடுத்தது, செல் தன் மரபணுவிலிருந்தே கொண்டை ஊசி மாதிரி மடித்துத் தயாரிக்கும் சுமார் 22 எழுத்துத் துண்டுக்கு. 1993-ல் அதே சி. எலிகன்ஸ் புழுவில் கண்டது.

வகுப்பில் இரண்டு காகித நாடா போதும். மேல் நாடாவில் இந்தச் சீட்டை எழுதச் சொல்லுங்கள்: யு ஏ சி ஜி யு யு ஏ ஜி சி ஏ யு ஜி சி ஏ ஏ யு சி ஜி ஏ ஏ ஜி. அதன் கீழே நகல்: ஏ யு ஜி சி ஏ ஏ யு சி ஜி யு ஏ சி ஜி யு யு ஏ ஜி சி யு யு சி. ஏ-க்கு யு, ஜி-க்கு சி. 21 ஜோடியும் சேரும். நகல் நாடா செல்லுக்குள் வலமிருந்து இடமாகப் படிக்கப்படும் என்று ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். மாணவர்கள் அங்கேதான் குழம்புவார்கள். இப்போது கத்தரிக்கோல்: சீட்டின் பத்தாம், பதினொன்றாம் எழுத்துக்கு நேர் கீழே, நகலில் யு-வுக்கும் ஏ-வுக்கும் நடுவில் ஒரே வெட்டு. வேறெங்கும் வெட்டக் கூடாது.

அடுத்து, நகலில் பத்தையும் பதினொன்றையும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஒட்டும், ஆனால் வெட்டு விழாது. பிறகு இரண்டிலிருந்து எட்டு வரை அப்படியே வைத்துவிட்டு மீதியில் பாதியைக் கலைத்துவிடுங்கள். விலங்குகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பெரும்பாலும் இப்படித்தான் ஒட்டுகிறது: வெட்டாமல் உட்கார்ந்துகொண்டு புரதம் தயாராவதைத் தடுக்கும், நகலை மெல்லச் சிதைய விடும். ஏழு எழுத்துப் பொருத்தம் போதும் என்பதால் ஒரே சீட்டு நூற்றுக்கணக்கான நகல்களில் போய் உட்கார முடிகிறது. கடைசியாக அந்த ஏழில் ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். சீட்டு நகலை விட்டு நழுவுவதை மாணவர்களே சொல்வார்கள்.